திங்கட்கிழமை மஞ்சள் சாக்ஸ்

மிளகாய்க்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூக்கோடு காதும் சேர்ந்து சிவந்துவிட்டது.

பின்னே? அவள் உயிரையே வைத்திருந்த உள்ளூர்க் கால்பந்து அணி கடைசி ஆட்டத்தில் தோற்றுப்போனது. அதுவும் எப்படி? மெதுவாக உருண்டு வந்த பந்து, கோல்கீப்பரின் கைக்குள் புகுந்து, கால் நடுவே நழுவி வலைக்குள் போய்விட்டது. அந்த ஒரு கோலால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

"விடும்மா, விளையாட்டுதானே," என்றார் அப்பா.

"விளையாட்டா? மழையில நனைஞ்சு, தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேனே, அது விளையாட்டா? அந்தப் பந்தைத் தூங்கிக்கிட்டே பிடிச்சிருக்கலாம்!"

அவள் சாப்பிடவில்லை. அணியின் நிறமான மஞ்சள் சாக்ஸைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வீசினாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரசிகப் பிள்ளைகள் எல்லோரும் மஞ்சள் சாக்ஸ் போட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அதுதான் வழக்கம். இந்தத் திங்கட்கிழமை யார் காலிலும் மஞ்சள் இல்லை.

ஒருவனைத் தவிர. அவன் கோல்கீப்பரின் மகன். மிளகாயின் வகுப்புதான்.

அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'உங்கப்பாவுக்குக் கை எதுக்கு?' என்று கேட்கத்தான் போனாள். காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வி.

அதற்குள் அதே வகுப்பு நெட்டையன் முந்திக்கொண்டான். "டேய், உங்கப்பா கையில விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு வந்தாரா?"

கூட இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கோல்கீப்பரின் மகன் குனிந்து, சரியாகவே இருந்த சாக்ஸை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

மிளகாயின் கோபம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

"ஏய் நெட்டை! நீ எந்த மேட்ச்சுக்காவது வந்திருக்கியா?"

"இல்ல... எங்க வீட்டு டிவியில..."

"அப்போ வாயை மூடு! எங்க கோல்கீப்பரைத் திட்டணும்னா நான் திட்டிக்கிறேன். நீ யாரு திட்டுறதுக்கு?"

கூட்டம் கலைந்தது. மிளகாய் கோல்கீப்பரின் மகனிடம் திரும்பினாள்.

"ஒரு சாக்ஸைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு!"

"நேத்து போட்டது. நாறும்."

"நாறட்டும். நம்ம டீமே நாறிப்போய்தானே கிடக்கு!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. தன் வெள்ளை சாக்ஸில் ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய மஞ்சளை மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளி வாசலில் கோல்கீப்பர் தன் மகனுக்காகக் காத்திருந்தார், தலையைத் தொங்கப் போட்டபடி. மிளகாய் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உங்க மேல எனக்குப் பயங்கரக் கோபம்."

"எனக்கும் என் மேல கோபம்தாம்மா."

"செகண்ட் டிவிஷன் மேட்ச் எப்போ ஆரம்பிக்குது? கோல் போஸ்டுக்குப் பின்னாடிதான் உட்காரப் போறேன். அங்கேயிருந்து திட்டினாத்தான் உங்களுக்குக் கேட்கும்."

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். மகனுடைய கால்களைப் பார்த்தார்.

"கண்டிப்பா வந்து திட்டும்மா," என்றார்.

மிளகாய் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கால் மஞ்சளும் ஒரு கால் வெள்ளையுமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது.