சிவப்புக் கம்பளிச்சட்டை

காலை ஆறு இருபது. சான் சான் என்ற பழைய மண்நகரத்தின் இடிபாடுகள் மேல் கடல்மூட்டம் இறங்கியிருந்தது. அகழாய்வுக் கிடங்கின் பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே, தோண்டியெடுத்த உள்ளங்கை அளவு மரச்சிலை நின்ற இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

ஏழு மணிக்கு வான்சாக்கோ காவல்நிலையத்திலிருந்து சோய்லா உகன்யான் வந்தாள். பத்து மணிக்கு த்ருஹியோவிலிருந்து அரசு வழக்கறிஞர் வருவார். அவரோடு அனுப்பிவைக்க ஓர் ஆள் தயாராக இருந்தார். இரவுக் காவலாளி அசுன்சியோன் பிமின்சூமோ. அறுபது வயது. இரண்டு முழங்காலிலும் வாதம்.

"பூட்டை உடைக்கல," என்றார் அகழாய்வுத் தலைவர் டாக்டர் இத்தூரி. லீமாக்காரர். "சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு இவர் இடுப்புல. நான் வந்தப்ப நாற்காலியில குறட்டை விட்டுட்டிருந்தார். மடியில அந்த மொட்டை நாய், செவப்புச் சட்டை போட்டுக்கிட்டு, மகாராஜா மாதிரி."

"உங்க சாவி ராத்திரி எங்க இருந்துச்சு?"

"வீட்டுல. த்ருஹியோவுல. என்னையுமா சந்தேகப்படுறீங்க?"

"எல்லாரையும்தான். யாரையும் விட்டுட்டா கோவிச்சுக்குவாங்க."

காவலறையில் அசுன்சியோன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலடியில் அந்த நாய் தீசோன், சட்டையோடு. அதன் உடம்பில் ஒரு முடி கிடையாது. தொட்டால் அடுப்போரம் போலச் சுடும். வான்சாக்கோவில் மூட்டுவலிக்காரர்கள் மாத்திரையைவிட இந்த நாய்களைத்தான் நம்புவார்கள்.

"தூங்குனீங்களா?"

"தூங்குனேன் சோய்லாம்மா. பொய் சொல்லல."

"சாவி?"

"இடுப்புல. அது மேல நாய் படுத்திருந்துச்சு. நாயத் தூக்காம சாவிய எடுக்க முடியாது. தூக்குனா குளிர்ல அழ ஆரம்பிச்சுரும். அழுதா எனக்கு முழிப்பு வந்துரும்."

"ராத்திரி அழல?"

"அழல. அதனாலதான் திருடன் நான்தான்ங்கறார் டாக்டர். என்னாலயும் மறுத்துப் பேச முடியல." முழங்காலைத் தடவினார். "விடியக்காலம் முட்டி ரெண்டும் பிச்செடுத்துருச்சு. நாய் மடியில கெடந்தும் வலி கேக்கல. இனி ஜெயில்ல யாரு நாய் தரப்போறா?"

சோய்லா குனிந்து தீசோனின் காதைத் தடவினாள். "குளிச்சு வந்தவன் மாதிரி பளபளன்னு இருக்கான்."

"நேத்து சாயங்காலம் சேத்துக்குழியில விழுந்துட்டான். என் மச்சான்தான் இழுத்துப்போட்டுக் குளிப்பாட்டுனார். சட்டையத் துவைச்சு, தன் கொட்டகையில அடுப்பு மேல காயப்போடுறேன்னு எடுத்துட்டுப் போனார். தங்கமான மனுசன்."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி தடவியது.

மச்சான் தியோஃபிலோ சில்மாசா. மதில்களைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி. கொட்டகை வாசலில், கள்ளிச்சாறு ஊற்றிய சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார். நேற்று வார்த்த மண்கற்கள் வரிசையாகக் கிடந்தன.

"உங்க அத்தானப் பாத்தீங்களா?" என்றாள் சோய்லா.

"பாத்தேன். எங்க அக்கா அழுதுட்டிருக்கா. ஏதோ கெட்ட நேரம்."

"நேத்து எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"

"ஆறு. கொட்டகையப் பூட்டிட்டு நேரா வீடு."

"காலையில?"

"இப்பத்தான். நீங்க வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொறந்தேன்."

"சாவி வேற யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல. இந்தா, கழுத்துல." கயிற்றை இழுத்துக் காட்டினார். "கரண்டி காணாமப் போனா என் தலையில்ல உருளும்."

சோய்லா கற்களின் ஓரமாக நடந்தாள்.

ஒன்பதரைக்கே ஜீப் வந்துவிட்டது. வழக்கறிஞரோடு வந்த போலீஸ்காரர் அசுன்சியோனின் கையில் விலங்கு மாட்டினார். அவர் எழ முயன்றார். முழங்கால் மடங்கியது. தியோஃபிலோ ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து அத்தான்."

"ஒரு நிமிசம்," என்றாள் சோய்லா. "டாக்டர், நீங்க வந்தப்ப நாய் எப்படி இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே. மடியில. சட்டையோட."

"மூட்டுவலிக்கு நாயை மடியில போடுற எவனும் அதுக்குச் சட்டை போட்டு விடமாட்டான். தோல் பட்டாத்தானே சூடு? விடியக்காலம் இவருக்கு முட்டி வலிச்சதே அதனாலதான்."

அசுன்சியோன் தலைகுனிந்து நாயைப் பார்த்தார். பகலெல்லாம் அது சட்டையோடுதான் திரியும். காலையிலிருந்து யாரும் கவனிக்கவில்லை. அவரும்தான்.

"சாவி எடுக்க நாயத் தூக்கணும். தூக்குனா அழும். அழாம இருக்கணும்னா சட்டை போடணும். சாவியத் திரும்ப இடுப்புல சொருகி, நாய மடியில வச்சிட்டு, சட்டையக் கழட்டுனா முழிச்சுக்குவாரோன்னு அப்படியே விட்டுட்டுப் போயிட்டான்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா அந்தச் சட்டை நேத்து ஆறு மணியிலேருந்து கொட்டகைக்குள்ள பூட்டி இருந்துச்சு. சாவி ஒண்ணுதான். மேஸ்திரி, ஆறு இருபதுக்கு அது எப்படி நாய் மேல வந்துச்சு?"

தியோஃபிலோவின் கை அத்தானின் தோளிலேயே இருந்தது. எடுக்க மறந்துபோயிற்று.

சோய்லா கொட்டகை வாசலுக்குப் போனாள். வரிசையில் மற்றக் கற்களெல்லாம் மேலே காய்ந்து தோல் கட்டியிருந்தன. கடைசிக்கு முந்தையது மட்டும் இன்னும் ஈரமாக மினுங்கியது; அதில் விரலை அழுத்தினாள். உள்ளே போயிற்று. இரண்டு கணு ஆழத்தில் மரம் தட்டியது.

போலீஸ்காரர் விலங்கைக் கழற்றித் தியோஃபிலோவின் கையில் மாட்டினார்.

"ஒரு ராத்திரி உங்களைப் புடிச்சு வச்சுட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன் அத்தான்," என்றார் தியோஃபிலோ. "வேணும்னு சட்டைய எடுத்துட்டுப் போகல. வெறும் பிளாஸ்டிக் கோணிதான் கொண்டு போனேன், நாய அதுல சுத்திரலாம்னு. கோணிக்குள்ள கெடந்து நடுங்குச்சு. பாக்க முடியல. கொட்டகைக்குத் திரும்பிப் போய்ச் சட்டைய எடுத்துட்டு வந்தேன்."

அசுன்சியோன் மெதுவாகக் குனிந்தார். தீசோனின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சட்டையைச் சோய்லாவிடம் நீட்டினார். நாயைத் தன் மேல்கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நாய் நடுங்குனது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சுச்சு," என்றார், மச்சானைப் பார்க்காமல்.