ஆறாவது போல்ட்

குருநாதன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் மாடு இல்லை. எஞ்சின் இருந்தது.

அபிராமத்தில் ஒருவர் ஓடாது என்று ஒதுக்கிப்போட்ட டீசல் எஞ்சின் அது. குருநாதன் அதை வண்டியில் ஏற்றி வந்து, மூன்று மாதமாகக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். கூடவே இருந்தவள் அவர் மகள் பூமயில். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"பசு வெயில்ல நிக்குது. இரும்பு நெழல்ல படுத்திருக்கு," என்பாள் அம்மா உமையாள்.

மறுநாள் காலை எஞ்சின் ஓடியாக வேண்டும். மழை அந்த வருடம் சீக்கிரமே நின்றுவிட்டது. மிளகாய்ச் செடிகள் பூவோடு வாடி நின்றன. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை ஊரார் முறை வைத்து இறைத்தார்கள். நாளை குருநாதன் முறை. விட்டால் எட்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கண்மாயில் சேறுதான் மிஞ்சும்.

ஒரே ஒரு வேலை பாக்கி. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு மூடி. அதற்குப் பின்னால் ஆயில் இருக்கும். மூடியை ஆறு போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

குருநாதன் ஐந்தை இறுக்கினார். ஆறாவதை மகளிடம் விட்டார்.

"நான் டீசல் வாங்கிட்டு வாரேன். பிடிச்ச ஒடனே நிறுத்திரணும்."

பூமயில் முடுக்கினாள். போல்ட் பிடித்தது.

அவர்கள் வீட்டில் மிளகாய் விற்கும்போது, எடை சரியாக நின்ற பிறகும் மேலே ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அந்த ஒரு கை விழுந்தால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். போல்ட்டுக்கும் மேலே ஒரு சுற்றுப் போட்டாள்.

ஸ்பேனர் சட்டென்று லேசானது. போல்ட் சும்மா சுற்றியது.

வெளியே எடுத்தாள். அதில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. போல்ட் கடித்து ஏறுவதற்காக ஓட்டைக்குள் இருந்த மரை நொறுங்கிவிட்டது.

குருநாதன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பழைய எஞ்சின். மரை முந்தியே தேஞ்சிருக்கும். ஒன் மேல தப்பில்லத்தா."

பூமயில் தரையைப் பார்த்தாள்.

"இல்லய்யா. பிடிச்சுச்சு. நான்தான் ஒரு சுத்து கூட வச்சேன்."

"எதுக்கு?"

"கொசுறு."

கொட்டகை வாசலில் நின்ற உமையாள் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அஞ்சு போல்ட்டு பிடிக்குதுல்ல? ஒண்ணு இல்லாட்டி என்ன?" என்றாள்.

"ஆயில் ஒழுகும். ஒழுகுனா எஞ்சின் இறுகிப் போகும். அப்பறம் இத நான் எவன் தலையிலயாச்சும் கட்டணும்."

"லேத்துல குடுத்தா?"

"முதுகுளத்தூர் கொண்டுபோனா வேற மரை வெட்டிக் குடுப்பாக. இன்னிக்கி ஞாயித்துக்கிழம. பூட்டியிருக்கும்."

அவர் எழுந்து வெளியே போனார்.

பூமயில் ஓர் ஈர்க்குச்சியை ஓட்டைக்குள் விட்டுத் தூளைக் கிளறி எடுத்தாள். குச்சி உள்ளே போனது. இன்னும் போனது. கடைசியில் முட்டி நின்றது. மூடியோடு ஒட்டிய இடத்தில் நகத்தால் குச்சியைக் கீறினாள். வெளியே எடுத்துப் போல்ட்டின் பக்கத்தில் வைத்தாள்.

கீறிய இடம் வரை குச்சி போல்ட்டைவிட ஒரு விரற்கடை நீளமாக இருந்தது.

மறுபடி உள்ளே விட்டு, அடியில் லேசாக உரசிப் பார்த்தாள்.

"அய்யா, இங்கன வாங்க. போல்ட்டு பாதிக் கெணத்துலயே நின்னுருக்கு. அடியில கரகரங்குது. அங்கன மரை இருக்கு."

குருநாதன் குச்சியை வாங்கி அவரும் உரசிப் பார்த்தார். இரண்டாவது முறையும் உரசினார்.

"இருக்கு. ஆனா நீள போல்ட்டுக்கு எங்க போக?"

பூமயில் குச்சியையும் பழைய போல்ட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஹமீது சுல்தான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதே மாதிரி போல்ட்டு வேணும். கொஞ்சம் நீளமா."

"இம்புட்டுப் பெரிய போல்ட்டா? இதப் போட்டா சைக்கிள தோள்லதான் தூக்கிட்டுப் போகணும்."

இருந்தாலும் ஒரு டின்னைத் தூக்கிவந்து சாக்கில் கொட்டினார். துருப்பிடித்த போல்ட்டுகள் குவிந்தன.

பூமயில் ஒவ்வொன்றையும் பழைய போல்ட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். பல்லோடு பல் பொருந்த வேண்டும். பல பொருந்தவில்லை. பொருந்தியவை குட்டையாக இருந்தன. கைகள் சிவந்துபோன பிறகு ஒன்று கிடைத்தது. பல் பொருந்தியது. ஆனால் குச்சியில் கீறிய இடத்தைத் தாண்டி நீண்டது.

"அடியில முட்டிக்கிரும். மூடி இறுகாது," என்றாள்.

"நுனிய அறுத்துத் தரவா?"

அவள் யோசித்தாள்.

"வாசர் இருக்கா மாமா? கனமா ரெண்டு."

அவர் கொடுத்தார். அந்த இரண்டு இரும்பு வளையங்களையும் போல்ட்டின் தலைக்குக் கீழே கோத்து, குச்சியோடு வைத்துப் பார்த்தாள். இப்போது போல்ட்டின் நுனி குச்சியில் கீறிய அளவுக்குள் அடங்கியது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"குச்சி."

ஹமீது சுல்தான் சிரித்தார்.

வீட்டில் குருநாதன் ஸ்பேனரை நீட்டினார்.

"நீங்களே முடுக்குங்கய்யா."

"எனக்குக் கையெல்லாம் எண்ணெ. வழுக்கும்," என்று காய்ந்த கைகளை வேட்டியில் துடைத்தார்.

பூமயில் முடுக்கினாள். போல்ட் முதலில் சும்மா போனது. பிறகு அடியில் எதையோ கடித்தது. மெல்ல மெல்ல ஏறியது. மூடி நெருங்கியது. வாசர் அசையாமல் நின்றது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

விடியும்போது எஞ்சின் வண்டியில் ஏறியது. வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் உமையாள் பசுவைக் கொட்டகையில் கட்டிவிட்டாள்.

கண்மாய்க் கரையில் குருநாதன் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமியது. மூன்றாவது தடவை கரும்புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. குழாய் ஒரு குலுக்குக் குலுக்கித் தண்ணீரைக் கொட்டியது.

பூமயில் மூடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். முதல் பாத்தி நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. அவள் அசையவில்லை.

குருநாதன் வந்து ஆறாவது போல்ட்டுக்குக் கீழே விரலால் தடவினார். விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆயில் இல்லை. தூசி மட்டும்.

எஞ்சின் சத்தத்தில் பேச முடியவில்லை. பூமயில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பாத்தியைத் திறந்துவிட ஓடினாள்.