ஜன்னலில் ஒரு கிளிமூக்கு

“ரேஷ்மா! உங்க நைனா போன் பண்ணாரு. பஸ் ரேணிகுண்டா தாண்டிடுச்சாம்!”

வகுப்புத் தோழன் வெங்கட் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்குள் ஓடி வந்தான். ரேஷ்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் கட்டியிருந்த விளக்குப் பலகை இருட்டாகவே இருந்தது.

ரேஷ்மாவின் அம்மா வரலட்சுமி வீட்டு வேலைக்காகக் குவைத் போகிறாள். இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள். திருப்பதியில் ஏஜெண்டைப் பார்த்துவிட்டு, வழியனுப்ப வரும் நைனாவோடு சென்னை பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அந்த பஸ் அவர்கள் ஊரான வடமாலபேட்டையில் நிற்காது. ஆனால் பள்ளிக்கு எதிரே ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. அங்கே எப்படியும் மெதுவாகப் போகும்.

“எங்க ஸ்கூல் ஜன்னலப் பாரும்மா. உனக்கு ஒன்னு காட்டுவேன்” என்று காலையில் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பலகையைச் செய்தவர் கம்ப்யூட்டர் ஆசிரியர் நாகபூஷணம் சார். அதில் குட்டி பல்புகள் வரிசை வரிசையாக இருக்கும். எரியவேண்டிய பல்புக்கு எண் ஒன்று, மற்றதற்குச் சுழியம். ஒவ்வொரு வரிசையும் ஒரு பட்டியல். அவற்றையெல்லாம் ஒரு பெரிய பட்டியலுக்குள் போட்டுக் கொடுத்தால் படம் தெரியும். ரேஷ்மா செய்த படம் நேற்று நன்றாகத்தான் தெரிந்தது.

இன்றைக்கு ஜன்னல்வரை வயர் எட்டவில்லை. பலகையைத் தலைகீழாகக் கட்டவேண்டியதாகிவிட்டது.

“படத்தயும் தலகீழாக்கிட்டா சரியாப்பூடும்” என்று வெங்கட் அதை ‘அர்ரே’ என்ற வேறு வகைக்கு மாற்றினான். அர்ரேயாக இருந்தால் ஒரே வரியில் திருப்பிவிடலாம். திருப்பியும்விட்டான். அதோடு பலகை அணைந்துபோனது.

‘பட்டியல்தான் வேண்டும், அர்ரே வேண்டாம்’ என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

“அவ்ளோதானே? லிஸ்ட்டா மாத்திட்டாப் போச்சு” என்றான் வெங்கட். அர்ரேயின் முன்னால் ‘லிஸ்ட்’ என்று சேர்த்து ஓட்டினான். மறுபடியும் அதே சிவப்பு எழுத்து.

“மாத்திட்டேன்னு சொன்னியே! இன்னாடா பண்ணிக்கினு இருக்க?”

“சத்தியமா மாத்திட்டேன்! இந்தக் கம்ப்யூட்டர் பொய் சொல்லுது!”

“அது எதுக்குடா பொய் சொல்லப்போவுது?”

வெங்கட் கையிலிருந்த போன் அடித்தது. நைனாதான். “டோல்கேட்ல நிக்குதும்மா. அம்மா ஜன்னலோரம்தான் உக்காந்துகினு இருக்குது.”

டோல்கேட் பக்கத்திலேயே இருக்கிறது! ரேஷ்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெங்கட்டைப் பிடித்துத் திட்டவேண்டும்போல இருந்தது. திரும்பினாள். அவன் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

“எல்லாம் என்னாலதான்” என்றான்.

கோபம் எங்கே போயிற்றோ! “அழாதடா. உள்ள இன்னா இருக்குதுன்னு மொதல்ல பாக்கலாம்” என்றாள்.

படத்தின் எண்களைத் திரையில் வரவழைத்தாள். வெளியே பட்டியலின் அடைப்புக்குறி சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே? ஒவ்வொரு வரிசையின் முன்னாலும் ‘அர்ரே, அர்ரே’ என்றே இருந்தது!

நேற்று அவள் அம்மாவின் பையைத் திறந்தது நினைவுக்கு வந்தது. உள்ளே ஒரு பை, அதற்குள் ஒரு டப்பா, அதற்குள் கவரில் கட்டிய ஊறுகாய். “மேல் ஜிப்ப தெறந்துட்டு எல்லாம் தெறந்துட்டேன்றியே, கிளிமூக்கு! உள்ள எத்தன முடிச்சு இருக்குது பாரு!” என்று அம்மா சிரித்தாளே!

“வெங்கட்! நீ மேல் ஜிப்ப மட்டும்தான் தெறந்திருக்க!”

“எந்த ஜிப்பு?” என்று வெங்கட் தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தான்.

“அது இல்லடா! வெளிய மட்டும்தான் லிஸ்ட் ஆயிருக்குது. உள்ள வரிசையெல்லாம் இன்னும் அர்ரேதான்!”

அர்ரேயின் பெயரைத் தட்டச்சு செய்து ஒரு புள்ளி வைத்தாள். அதைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று திரையில் வரிசையாக வந்தது. அவசர அவசரமாகத் தேடினாள். ‘டு லிஸ்ட்’! பட்டியலாக மாற்று!

“இது உள்ளவரைக்கும் தெறக்குமா?” என்றான் வெங்கட்.

“தெரியல. பாத்துடலாம்.”

தெருவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ரேஷ்மா பட்டனைத் தட்டினாள். வரிசைகளின் முன்னாலிருந்த அர்ரேக்கள் எல்லாம் காணாமல் போயின. பட்டியலுக்குள் பட்டியல்!

பளிச்!

ஜன்னலில் பச்சையாக ஒரு மாங்காய் எரிந்தது. அதன் நுனி கிளியின் மூக்குபோல வளைந்திருந்தது.

ஸ்பீடு பிரேக்கரில் பஸ் மெல்ல ஏறி இறங்கியது. ஒரு ஜன்னலிலிருந்து அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. முதலில் மாங்காயைப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஏய், கிளிமூக்கு!” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அந்தப் பெயரைச் சொன்னாலே ரேஷ்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள்.

பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை வெங்கட்டும் கையாட்டினான். பிறகு கேட்டான். “யாரு கிளிமூக்கு?”

ரேஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை நன்றாக நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

“நான்தான்டா!”