போரா கொடுத்த ஒரு ஸ்பூன் மருந்து

போராவுக்கு ஒன்றுமே புரியவில்லை. காய்ச்சல் விட்டுப் போயிருந்தது. ஆனாலும் அந்த இளஞ்சிவப்பு மருந்தை அம்மா விடாமல் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இது ஆன்டிபயாட்டிக். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் குடிக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார் அம்மா.

ஆனால் அவர்களுடைய கோழிப்பண்ணை வாசலில் அப்பா பெரிய பலகை மாட்டியிருந்தார். 'எங்கள் கோழிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

"அண்ணா, அந்த மருந்து நல்லதா, கெட்டதா?"

"நீ கோழியா, மனுஷியா? முதல்ல அதை முடிவு பண்ணு" என்றான் சேவோன். அண்ணன்களிடம் சந்தேகம் கேட்டால் இப்படித்தான்.

அன்று மாலை கொட்டகைச் சுவரோரம் ஒரு கோழி கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தது. காய்ச்சலில் போராவும் அப்படித்தான் கிடந்தாள். பாவமாக இருந்தது. ஓடிப்போய் ஒரு ஸ்பூன் மருந்து கொண்டுவந்து ஊட்டினாள். பாதி வாய்க்குள் போனது. மீதி கோழியின் கழுத்திலும் போராவின் சட்டைக் கையிலும் வழிந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அப்பா உற்சாகமாக இருந்தார்.

"சாயங்காலம் லாரி வருது. சோபோக் வருதுல்ல, கோடையோட முதல் உச்ச வெயில் நாள். அன்னைக்கு ஊரே ஜின்செங் வேர் போட்ட கோழிச் சூப் கேட்கும். மருந்து குடிச்ச கோழி ஒண்ணு போனாக்கூட நம்ம பலகை பொய்யாயிடும். அப்புறம் யார் நம்மகிட்ட வாங்குவா?"

போரா கிம்ச்சியைப் பாதியில் வைத்தாள். கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள். அத்தனையும் வெள்ளை.

"நேத்து மருந்து குடிச்சது யாரு?" என்று கேட்டும் பார்த்தாள்.

"கொக்" என்றன எல்லாக் கோழிகளும்.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கோழி யாருடைய கிண்ணத்துக்கோ போய்விடும். பலகையும் பொய்யாகிவிடும். அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. ஆனாலும் திரும்பி வந்தாள்.

"அப்பா, ஒரு கோழிக்கு என் மருந்தைக் கொடுத்துட்டேன்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "எந்தக் கோழிக்கு?"

"சோகமா இருந்த கோழிக்கு."

"அது இந்நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தா?" என்றான் சேவோன்.

அப்பா சிரிக்கவில்லை. "கிடைக்கலன்னா லாரியைத் திருப்பி அனுப்பணும்" என்றார்.

போரா கண்ணைத் துடைக்கச் சட்டைக் கையைத் தூக்கினாள். நேற்றைய சட்டைதான். மருந்து வழிந்த கை பிசுபிசுவென்றிருந்தது. அதில் கொட்டகைத் தரையின் உமி ஒட்டியிருந்தது.

"அப்பா! கழுத்துல உமி ஒட்டின கோழியைத் தேடலாம்!"

மூவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சுவரோரமாக மெல்ல நடந்தார்கள். தீவனத் தொட்டிக்குப் பின்னால், கழுத்து நிறைய உமித் தாடியோடு உட்கார்ந்திருந்தது அந்தக் கோழி.

"கும்பிடுறேன் ஐயா!" என்று சேவோன் குனிந்து வணங்கினான். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கால்நடை மருத்துவருக்கு அப்பா போன் செய்தார். அதைத் தனியாக வைக்கச் சொன்னார் அவர். மதியம் வந்து மற்ற கோழிகளையும் பார்ப்பதாகச் சொன்னார்.

"எனக்கு நல்ல மருந்து கோழிக்கு மட்டும் எப்படிக் கெட்டது?" என்று கேட்டாள் போரா.

"கெட்டதுன்னு இல்லம்மா. நோய் வந்து, டாக்டர் பார்த்துச் சொன்னா கொடுக்கலாம். சும்மா சும்மா கொடுத்தா கிருமிக்குப் பழகிடும். அந்தக் கிருமி உனக்கு வந்தா மருந்து கேக்காது" என்றார் அப்பா.

மருத்துவர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகு, சாயங்காலம் கோழிகளோடு லாரி கிளம்பியது. தாடிக் கோழி கூடைக்குள் இருந்து வேடிக்கை பார்த்தது.

"இது ஏம்ப்பா போகல?" என்று கேட்டாள் போரா.

"மருந்து குடிச்சிருக்கே."

"குடிக்காததெல்லாம் போயிடுச்சா?"

"ஆமா."

"அப்போ இதுக்கு மருந்து நல்லதுதானே பண்ணியிருக்கு?"

அப்பா வாசல் பலகையைப் பார்த்தார். பிறகு தாடிக் கோழியைப் பார்த்தார். இப்போது குழம்பி நின்றது அப்பாதான்.