பன்னிரண்டாவது ஜாடி

பன்னிரண்டாவது ஜாடியில் காந்தம் அடியில் இல்லை; கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. மற்ற பதினொன்றும் உப்புநீருக்கடியில் அரிசிமணிகள் போல அசையாமல் கிடக்க, இது மட்டும் அவள் நாற்காலி இருந்த பக்கமாக. அவள் மோதிரவிரலின் தோலுக்கடியிலும் ஒரு காந்தம் இருந்ததுதான். ஆனால் அதன் இழுப்பு மூன்றடி எட்டாது. அதை அளந்து அறிக்கை எழுதியவளே அவள்.

உடம்புக்குள் வைக்கும் காந்தங்களை ஜாடிகளில் இட்டு, உடம்புச் சூட்டிலுள்ள வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மேலுறையில் விரிசல் விழுகிறதா என்று தொண்ணூறு நாள் பார்ப்பது அவள் வேலை. ஒரே ஒரு தொகுப்பை மட்டும் அறுபதாம் நாளே பாஸ் போட்டாள். கல்யாண நாளுக்குள் அதிலிருந்து ஆளுக்கொன்று விரலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணவன் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

"நீ கையெழுத்து போட்டா எனக்குப் போதும்டி."

வைத்த பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட இரண்டு விரலும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். "எல்லாரும் பாக்கறாங்க, விடுங்க" என்பாள். "நான் எங்கடி பிடிச்சேன், காந்தம்ல பிடிச்சிருக்கு" என்பான்.

ஐந்தாம் மாதம் அவனுடையதன் உறையில் விரிசல் விழுந்தது. விரல் கறுத்து, சீழ் ரத்தத்தில் கலந்து, பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்து போய்விட்டான்.

"அவர் விரல்ல இருந்து எடுத்த பீஸையும் சோதிக்கணும்மா," என்றார் மேலாளர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்களால முடியலைன்னா..."

"நானே பண்றேன் சார்."

அதுதான் பன்னிரண்டாவது ஜாடி.

நாற்காலியைத் தொட்டியின் மறுபக்கம் இழுத்துப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை; கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. தொட்டியின் மோட்டார் சன்னமாக முனகிக்கொண்டிருந்தது, ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தபோது காந்தமும் மறுபக்கம் வந்திருந்தது. தொட்டியில் முப்பத்தேழு டிகிரி. அந்த ஜாடிக்குள் மட்டும் நாற்பதரை. அவனுடைய கடைசி வாரம் முழுக்க நர்ஸ் அட்டையில் எழுதிய அதே எண்.

தண்ணீர் பழுப்பாகியிருந்தது. குனிந்தாள். துருவின் வாடை இல்லை. அவன் விரல் கட்டைப் பிரிக்கும்போது வந்த வாடை.

மோட்டார் நின்றது.

மோதிரவிரல் துடித்தது. இழுபட்டது. ஓடியிருக்கலாம். கதவு பின்னால்தான் இருந்தது. ஆனால் எட்டு மாதமாக அந்த விரலை யாரும் தேடவில்லை.

"ஒரு கீறல் பார்த்தேங்க," என்றாள் ஜாடியிடம். "ஐம்பத்தெட்டாம் நாள். லென்ஸ்ல தூசின்னு நினைச்சேன். இல்ல... தூசியா இருக்கணும்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லல."

கையை நீருக்குள் விட்டாள்.

டிக்.

ஒட்டியது. அவள் அழுதாள். அழுதபடி பார்த்தாள்.

ஜாடி நான்கு விரற்கடை ஆழம்தான். கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. இன்னும் அடி தட்டவில்லை. பழுப்பு நீரில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது தொடுகை மட்டும்.

முதலில் சுண்டுவிரல் பக்கம். பிறகு அடுத்த இடுக்கில். அடுத்ததில். கொதிக்கும் சூட்டோடு, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, அவள் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் நுழைந்து மடங்கின.