நேரம் கேட்கிறவர்

மார்கழி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த மத்தியானத்தில், தயாளினி சுன்னாகத்தின் அந்தப் பழைய வீட்டு முற்றத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஒரு காலத்தில் மருந்துக்கடையாக இருந்த வீடு. இப்போது சில கட்டில்கள் போட்ட தனியார் வைத்தியசாலை. கணினி திருத்துவது தயாளினியின் தொழில். நெல்லியடியிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்தாள்.

சொந்தக்காரர் சண்முகநாதன் வாசலிலேயே காத்து நின்றார். எழுபத்தைந்து வயது தாண்டியும் முதுகு வளையாத மனிதர்.

"போன கிழமை நீர் வந்து சேர்வரைப் புதுசாக்கினீர். அண்டையிலையிருந்து அதின்ரை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பிந்துது. நீர் கை வைக்க முந்தி ஒழுங்காத்தானே ஓடினது?"

"ஓம் ஐயா. என்ரை பிழையாத்தான் இருக்கும். பாக்கிறன்."

"பாத்துக்கொண்டிராதையும் பிள்ளை, திருத்தும். உள்ளுக்கை என்ரை மனிசி கிடக்கிறா."

அதுதான் விஷயம், பிள்ளைகளே. அவர் மனைவி மீனாம்பிகைக்கு இதயம் மெலிந்துபோயிருந்தது. குறித்த நேரத்துக்கு மருந்தை ஏற்றும் பம்ப் ஒன்று அவர் கட்டிலருகில் இருந்தது. அந்தப் பம்ப் நம்பியது சேர்வரின் மணிக்கூட்டை மட்டும். ஏற்கெனவே இரண்டு தரம் மருந்து பிந்திவிட்டது. இரண்டாம் தரம் மூச்சு நின்று நின்று வந்தது. இனியொரு தரம் பிந்தினால் தன்னால் பிடித்துவைக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

தயாளினி சேர்வர் அறைக்குள், வைத்தியசாலையின் மற்றக் கணினிகளுக்கெல்லாம் தலையான அந்தக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மீனாம்பிகையின் மூச்சு கேட்டது. நேர வலயம் சரியாக இருந்தது. அதன் இயங்குதளமான லினக்ஸைப் புதுசாக்கியபோது, நேரத்தைச் சரிபார்க்கும் பழைய நிரல் கழன்று புதியது வந்திருந்தது. அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணிக்கூட்டைக் கையால் திருத்திவிட்டாள்.

கண்ணெதிரிலேயே அது ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போய் நின்றது.

கணினிக்குத் தன் மணிக்கூட்டில் நம்பிக்கை கிடையாது. வலையமைப்பில் உள்ள வேறு கணினிகளிடம் நேரம் கேட்டுக் கேட்டுத்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். இது யாரிடம் கேட்கிறது என்று தயாளினி பார்த்தாள். வெளிநாட்டுக் கணினிகள் எல்லாம் சரியான நேரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. சேர்வர் அவை எல்லாவற்றையும் பொய்யர் என்று ஒதுக்கிவைத்திருந்தது. அது நம்பியது ஒரேயொரு வலையமைப்பு முகவரியை.

அந்த முகவரி இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். சுவரைத் துளைத்துப் பின்பக்கத்துப் பூட்டிய அறைக்குள் அது நுழைந்தது. மூத்த நேர்ஸ் அற்புதராணி திறப்போடு வந்தார்.

"இது பழைய மருந்துக்கடை அறை, தங்கச்சி. ஒருத்தரும் போறேல்லை."

கதவு திறந்ததும் நனைந்த துணியின் வாடை முகத்தில் அடித்தது. காய்ந்த அறை. ஒழுக்கு இல்லை. உடைந்த கட்டில்களுக்கு நடுவே வயரின் மறுமுனை வெறும் நிலத்தில் கிடந்தது.

எந்தக் கணினியிலும் கொளுவப்படாமல்.

தயாளினி திரும்பி வந்து சேர்வர் பக்கத்து முனையையும் பிடுங்கினாள். அப்போதும் அந்த முகவரி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு பிந்துது?" அற்புதராணியின் குரல் இறங்கியிருந்தது.

"சரியா ஒரு மணித்தியாலம், அக்கா."

அற்புதராணி சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப அது அவன்தான்."

"ஆர்?"

"சுதாகரன். இஞ்சை கடையிலை மருந்துப் பொட்டலம் கட்டினவன். தொண்ணூற்றாறிலை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, நீர் பிறக்க முந்தி. ஊரடங்கும் அந்தப் புது நேரத்துக்குத்தான். ஐயா கடை மணிக்கூட்டிலை ஒருத்தரையும் கைவைக்க விடேல்லை. 'எங்கடை நேரத்தை மாத்த அவை ஆர்?' எண்டு பெருமை. அண்டைக்கும் இப்பிடித்தான் மழை மூட்டம். சுதாகரன் வந்து, 'ஐயா, நேரம் என்ன?' எண்டான். 'ஐஞ்சுதான், இருக்கிறதைக் கட்டி முடிச்சிட்டுப் போ' எண்டார். வெளியிலை ஆறு மணி. ஊரடங்கு தொடங்கிட்டுது."

"பிறகு?"

"முடிச்சுப்போட்டுச் சைக்கிளிலை போனவன் போனவன்தான். தாய் நல்லம்மா ஒவ்வொரு நாளும் வந்து, மகன் எத்தினை மணிக்கு வெளிக்கிட்டவன் எண்டு கேக்கும். ஐயா ஐஞ்சு மணிக்கெண்டே சொன்னார். ஊரடங்குக்கு முந்திப் போனவனை ஆமிச் சென்றியிலை ஏன் தேடுவான் எண்டு, மனிசி கண்ட கண்ட இடமெல்லாம் தேடிச்சுது. தேடித் தேடியே செத்துப்போச்சு."

"நீங்களும் சொல்லேல்லையோ?"

"எனக்குச் சம்பளம் தாறவர் அவர். மீனாம்பிகையக்காவும் பக்கத்திலை நிண்டவா. அவவும் வாய் திறக்கேல்லை."

தயாளினி அந்த முகவரியை நம்பாதே என்று சேர்வரில் எழுதினாள். மணிக்கூடு முன்னால் வந்து சரியாக நின்றது. பிறகு பின்னுக்குப் போகாமல் ஓடியது. சண்முகநாதன் எட்டிப்பார்த்து, "இப்ப சரி. இதை முதலே செய்திருக்கலாமே," என்றார்.

அவள் திரையில் இன்னொரு பட்டியலைத் திறந்தாள். எந்தெந்தக் கணினிகள் இந்தச் சேர்வரிடம் நேரம் கேட்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காசாளர் கணினி. ஆய்வுகூடம். பம்ப்.

பிறகு அந்த முகவரி.

இப்போது அது நேரம் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விநாடியும்.

"ஐயா," என்றாள், "சுதாகரன் எத்தினை மணிக்குப் போனவர்?"

அவர் முகம் கறுத்தது. "ராணி கதைச்சிட்டாளோ? நான் ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை. என்ரை மணிக்கூட்டிலை ஐஞ்சு. பிறகு அரசாங்கமே என்ரை நேரத்துக்குத் திரும்பி வந்தது, தெரியுமோ? பத்து வரியம் கழிச்சு வந்தது. அப்ப ஆர் சரி?"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மீனாம்பிகையின் குரல் தெளிவாக வந்தது.

"இஞ்சேருங்கோ. அந்தப் பெடியன் நனைஞ்சுபோய் நிக்கிறான். நேரம் கேட்டுக்கொண்டே நிக்கிறான். சரியான நேரத்தைச் சொல்லி விடுங்கோவன். நானும் கண்ணை மூடவேணும்."

சண்முகநாதன் பூட்டிய அறைப்பக்கம் திரும்பினார். ஆறு என்ற ஒரு சொல் போதும். அங்கே நின்றவர்களுக்கு உண்மை ஏற்கெனவே தெரியும். வெட்கப்பட இனி எதுவும் மிச்சமில்லை.

"ஐஞ்சு மணி," என்றார். "ஐஞ்சு மணிதான்!"

பம்ப் மணி அடித்தது. ஒரு விநாடி கூடப் பிந்தவில்லை. அற்புதராணி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஐயா... அக்கா சில்லிட்டுப்போய்க் கிடக்கிறா."

டொக்டர் ஓடிவந்து கண்ணை விரித்துப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார். "உயிர் போய் ஒரு மணித்தியாலம் இருக்குமே. ஏன் என்னை உடனை கூப்பிடேல்லை?"

"இப்ப கதைச்சவள்," என்றார் சண்முகநாதன். "டொக்டர், இப்ப என்னோடை கதைச்சவள்." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். டொக்டர் அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

தயாளினி தன் பையை எடுக்க மட்டும் சேர்வர் அறைக்குப் போனாள். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. மணிக்கூடு சரியாக ஓடியது. காசாளர் கணினி. ஆய்வுகூடம். பம்ப். அந்த முகவரி.

அதற்குக் கீழே, அதை ஒட்டினாற்போல, முன்பு இல்லாத இன்னொரு முகவரி, மீனாம்பிகையின் கட்டில் பக்கத்திலிருந்து.

இரண்டும் நேரம் கேட்டுக்கொண்டிருந்தன.