ஒரு கலம் படிப்பு

எங்கள் தெருக்காரர்கள் எதற்கெல்லாமோ ஊர்வலம் போயிருக்கிறார்கள். கூலி உயர்வுக்குப் போயிருக்கிறார்கள். மனைப் பட்டாவுக்குப் போயிருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று போயிருக்கிறார்கள், தண்ணீர் அதிகமாக வந்துவிட்டது என்றும் போயிருக்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பை எதிர்த்து ஊர்வலம் போகக் கிளம்பியது ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணம் என் அக்கா!

இது நடந்தது 1978ஆம் வருடம், குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயத்தில். எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. நான் வேம்பு, அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா செவ்வந்தி, பத்தாம் வகுப்பு பாஸ். எங்கள் தெருவில் அந்த அளவுக்குப் படித்த முதல் பெண் அவள்தான். பாஸ் என்று தெரிந்த அன்று அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அரசாங்கம் திட்டத்தை மாத்திடுச்சும்மா. இனிமே பதினொண்ணாவது இங்கே கிடையாது. நம்ம பள்ளிக்கூடம் பத்தோட முடிஞ்சுது. அதுக்கு மேலே ரெண்டு வருஷம் மேல்நிலைப் படிப்பு. அது மன்னார்குடியிலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பாவைக் கூட்டிட்டுப் போய்ச் சேர்ந்துடு" என்றார்.

அக்கா ஓட்டமாக ஓடி வந்தாள். அப்பா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பெயர் காத்தான். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினொண்ணாவது எங்கே?" என்று கேட்டார் அப்பா.

"அது இல்லப்பா. இப்ப பத்துதான்."

"அது எப்படி? இராஜாங்கம் மவன் பதினொண்ணு படிச்சுட்டுத்தானே வெளியே வந்தான்?"

"அது பழைய திட்டம்ப்பா. இப்ப ஒண்ணு குறைச்சுட்டாங்க."

போச்சு! எங்கள் அப்பாவிடம் வேறு எதைச் சொன்னாலும் சொல்லலாம், குறைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எல்லாரும் வயல்வேலை செய்கிறவர்கள். கூலியை நெல்லாக அளந்து கொடுப்பார்கள். அளப்பதற்கு மரக்கால் என்று ஒரு பாத்திரம் உண்டு. பன்னிரண்டு மரக்கால் அளந்தால் ஒரு கலம். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால் பெரிய பண்ணையில் ஒரு மரக்கால் இருந்ததாம். பார்த்தால் மற்ற மரக்காலைப் போலத்தான் இருக்கும். உள்ளே கையை விட்டுத் தடவினால் அடியில் ஒரு பலகையை வைத்து அடித்திருப்பார்கள். அளக்கும் ஒவ்வொரு மரக்காலிலும் ஒரு கை நெல் குறையும். அதைத் தடவிக் கண்டுபிடித்தவர் எங்கள் அப்பா. அதற்காகத் தெருவே அறுவடைக்குப் போகாமல் நின்றது. போலீஸ்கூட வந்தது. கடைசியில் நல்ல மரக்கால் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குக் கூலி நெல் அளப்பவர் அப்பாதான். முதல் மரக்காலை அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்..." என்று ராகமாக இழுப்பார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம் வரும். எதை வாங்கினாலும் அடியைத் தடவிப் பார்ப்பார். கடைக்காரர் ஹாஜா மைதீன் பாய், அப்பா வருவதைப் பார்த்தாலே எண்ணெய் அளக்கும் படியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் 'குறைச்சுட்டாங்க' என்றால்?

"யாரைக் கேட்டுக் குறைச்சாங்க?" அப்பா எழுந்து நின்றுவிட்டார். "காலங்காலமாப் பதினொண்ணு. நம்ம தெருப் புள்ளைங்க படிச்சு மேல வர்ற நேரத்துல பத்தா? பதினொண்ணாவதைத் திருப்பிக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் நீ எங்கேயும் போக வேணாம்!"

"அப்பா, பழைய கணக்குப்படி..." என்று அக்கா ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"காகிதத்துல கணக்கா? பண்ணைக் கணக்குப்பிள்ளையும் காகிதத்துலதான் காட்டினான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனது விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் மருதையன் மாமாவிடம். மாமாவுக்கு ஊர்வலம் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. வெள்ளிக்கிழமை காலையில் கொடி பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. கோஷம்கூடத் தயார். 'குறைக்காதே, குறைக்காதே! வகுப்பைக் குறைக்காதே!'

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவைக் காணவில்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு எல்லாரும் ஊர்வலம் போவாங்க. மன்னார்குடியில என் இடம் போயிடும். அடுத்த வருசம்னா அம்மாகூட நடவுக்குத்தான் போகணும். அதுக்கப்புறம் யாருடி என்னைப் படிக்க அனுப்புவா?" என்றாள்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் யோசிப்பது?

"அக்கா, முதல்ல எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"முன்னாடி பள்ளிக்கூடத்துல பதினொரு வருசம். அப்புறம் காலேஜ்ல பி.யூ.சி.ன்னு ஒரு வருசம். அதுக்குப் பிறகுதான் பட்டப் படிப்பு."

"இப்ப?"

"இப்ப இங்கே பத்து. மேல்நிலைப் பள்ளியில ரெண்டு. அதுக்குப் பிறகு பட்டப் படிப்பு. பி.யூ.சி. கிடையாது."

நான் விரலை மடக்கி எண்ணினேன். கை விரல் போதாமல் கால் விரலுக்கும் போனேன். எண்ணி முடித்ததும் எழுந்து குதித்தேன்.

"அக்கா! ரெண்டும் பன்னெண்டு! ரெண்டும் ஒரு கலம்!"

"அதைத்தாண்டி நாலு நாளா அப்பாகிட்ட சொல்றேன்!"

"நீ காகிதத்துல சொன்னே. எந்திரி, வா. வீட்டுல அரை மூட்டை நெல் இருக்குல்ல?"

நெல் மூட்டையை நாங்கள் இரண்டு பேரும் இழுப்பதைப் பார்த்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்பாட்டு நெல்லுடி, எங்கே தூக்கிட்டுப் போறீங்க?" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். நான் மரக்காலையும் ஒரு காலிச் சாக்கையும் கூடையையும் அவள் கையில் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் வந்தாள், ஆனால் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சங்கக் கொடிமரத்தடியில் தெருவே கூடியிருந்தது. மருதையன் மாமா கோஷம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் பாயை விரித்து நெல்லைக் கொட்டினேன்.

"என்ன புள்ள இது?" என்றார் மாமா.

"வகுப்பைக் குறைச்சுட்டாங்களா இல்லையான்னு அளந்து பாத்துடலாம் மாமா. அப்பா, நீங்க அளங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அளந்து பார் என்று யார் சொன்னாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரு மரக்கால் ஒரு வருசப் படிப்பு. இந்தச் சாக்கு நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம், இந்தக் கூடை வெளியூர். முதல்ல பழைய திட்டம். சாக்குல பதினொண்ணு போடுங்கப்பா."

"லாபம்... ரெண்டு... மூணு..." அப்பாவின் குரல் ஏறியது. பதினொன்று ஆனதும் நிறுத்தினார்.

"இப்ப கூடையில ஒண்ணு. அது பி.யூ.சி. காலேஜ்ல இருந்துச்சு. அதையும் சேர்த்தாத்தான் மேல பட்டம் படிக்க முடியும்."

அப்பா அதையும் அளந்து போட்டார். பாயில் ஒரு மணிகூட மிச்சம் இல்லை.

"மொத்தம்?"

"ஒரு கலம்" என்று கூட்டமே சொன்னது.

நெல்லை மறுபடியும் பாயில் கொட்டினேன். "இது புதுத் திட்டம். சாக்குல பத்து போடுங்க."

பத்து மரக்கால் விழுந்தது. "பாத்தியா, குறையுது!" என்றார் மருதையன் மாமா.

"இருங்க மாமா. கூடையில ரெண்டு போடுங்கப்பா. மன்னார்குடி மேல்நிலைப் பள்ளிக்கூடம்."

அப்பா கூடையில் அளந்தார். "லாபம்... ரெண்டு." பாய் மறுபடியும் காலி.

அப்பா பாயை உதறிப் பார்த்தார். கூடையில் கையை விட்டு அடியைத் தடவினார்.

"அது நம்ம வீட்டுக் கூடைங்க! பலகையெல்லாம் இருக்காது" என்றாள் அம்மா.

"அப்ப அந்த ஒரு மரக்கால்..." என்று இழுத்தார் மாமா.

"எங்கேயும் போகல மாமா. சாக்குலேருந்து கூடைக்கு வந்துருக்கு. காலேஜுல இருந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுச்சு. ரெண்டும் சேர்ந்து இப்ப கூடையில இருக்கு."

அப்பா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "அந்த ரெண்டு வருசமும் முழுசா சொல்லித் தருவாங்களா?"

"தருவாங்கப்பா. முடிவுல அரசாங்கப் பரீட்சை இருக்கு. எந்தப் பாடப் பிரிவுன்னு சேரும்போதே நாமதான் சொல்லணும். நான் அறிவியல் எடுக்கப் போறேன். அதுக்கப்புறம் விவசாயக் காலேஜுல படிக்கணும்."

"நாத்து நடவா காலேஜுக்குப் போறே? நான் சொல்லித் தர்றேனே!" என்றாள் அம்மா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் நாலு நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

அப்பா மட்டும் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தோட சாக்கைக் கட்டிட்டா கலம் நெறையாதே" என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "ஏண்டி செவ்வந்தி, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நாலு நாளா சொல்றேன்ப்பா!"

"அவ வாயால சொன்னா. உங்களுக்குத்தான் கையில அளந்தாத்தானே காது கேக்கும்" என்றாள் அம்மா. அப்பா காதைத் தடவிக்கொண்டார். அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பாடா, எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பாவம் மருதையன் மாமா, அவர் முகம்தான் வாடிவிட்டது. "அப்ப ஊர்வலம் கிடையாதா?" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, முன்னாடி பதினொண்ணும் நம்ம ஊருலயே இருந்துச்சு. இப்ப ரெண்டு மரக்கால் மன்னார்குடியில இருக்கு. அந்தக் கூடையை நம்ம ஊருக்கே கேக்கலாம்ல? அது வர்ற வரைக்கும் காலையில பள்ளிக்கூட நேரத்துக்கு இன்னும் ஒரு பஸ்ஸாவது கேக்கலாம்ல?"

மாமாவின் முகம் பளிச்சென்று ஆனது. "அப்படிப் போடு!" என்றார். உடனே புதுக் கோஷம் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஊர்வலம் கிளம்பியது. பள்ளிக்கூடத்துக்கு இல்லை, பஸ் நிறுத்தத்துக்கு. கொடியோடு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர் மிரண்டு போனார். அக்காவும் அப்பாவும் நானும் ஏறினோம். 'கொடு கொடு! மேல்நிலைப் பள்ளி கொடு!' என்ற சத்தம் வளைவு திரும்பும் வரை கேட்டது.

மன்னார்குடியில் வரிசை பெரிதாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் ஆசிரியர் அக்காவின் மதிப்பெண்களைப் பார்த்து, "நல்லாப் படிச்சிருக்கியே! அறிவியல் பிரிவா? சேர்த்துக்கலாம்" என்றார். அப்பா பெருமூச்சு விட்ட சத்தம் ஆசிரியருக்கும் கேட்டிருக்கும்.

வகுப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அக்கா புதுப் பிள்ளைகளோடு நடந்து போனாள். அப்பாவும் நானும் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வகுப்பு வாசல்படியில் கால் வைத்தாள். அப்பா நெல் அளக்கும் களத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ராகமாக இழுத்தார்.

"லாபம்...!"

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்காவுக்கு வெட்கமே இல்லை. வாசலில் நின்று திரும்பி, இரண்டு விரலைக் காட்டிக் கத்தினாள்.

"ரெண்டு அடுத்த வருசம்ப்பா!"